காரை மண்மேடுகளில் ஒரு நாள் நடை: 12 குறிப்புகள்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், காரை, குளக்காநத்தம் ஊர்களை ஒட்டி, செடிகொடி அதிகமில்லாத மண்மேடுகள் அலை அலையாகக் கிடக்கின்றன. பார்த்தால் பாலைவனம். ஆனால் இதைச் செதுக்கியது தண்ணீர். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண்ணை மழை அறுத்து அறுத்து ஓடைகளாக்கி வைத்திருக்கிறது. இங்கே நடக்கப் போகிறவர்கள் வெயிலோடு தண்ணீரையும் கணக்கில் வைக்க வேண்டும்.

1. மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை நின்றிருக்கும். நல்ல மழை கண்ட ஆண்டில் ஓடைகளில் கொஞ்சம் நீரும் இருக்கும். சித்திரை, வைகாசியில் போகவே வேண்டாம். எந்த மாதமானாலும் விடியற்காலையில் இறங்கி, பத்தரை மணிக்குள் மேடேறிவிடுங்கள். உள்ளே ஒதுங்க நிழல் கிடையாது.

2. மழை பெய்த அன்றும் மறுநாளும் நடையைத் தள்ளிப்போடுங்கள். நனைந்த களிமண் உப்பி, சோப்புபோல வழுக்கும். செருப்படியில் மண் அப்பிக்கொண்டே வந்தால் சரிவில் கால் வைக்காமல் திரும்புங்கள்.

3. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி தீர்வதற்குள் திரும்பி நடக்கத் தொடங்க வேண்டும். பாட்டிலுக்குப் பழைய பருத்திக் காலுறையை மாட்டி நனைத்துவிட்டால் தண்ணீர் சூடேறாது.

4. ஓடையில் நீர் தெளிவாக ஓடினாலும் குடிக்காதீர்கள். இந்த மண்ணில் ஜிப்சம் ஏராளம். அது கரைந்த நீர் கடுப்பாக இருக்கும். காய்ச்சினாலும் ஜிப்சம் போகாது. கால் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. வீட்டிலேயே உப்பு சர்க்கரைக் கரைசல் கலந்து கொண்டுபோங்கள். காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் நீருக்கு, தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கட்டுச்சோற்றுக்குப் புளிச்சாதம் நம்பிக்கையானது. தயிர்சாதம்தான் வேண்டுமென்றால் ஆறவைத்த பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். மதியம் புளிக்காமல் பதமாக இருக்கும். மிக்சர், சிப்ஸ் தாகத்தைக் கூட்டும்.

7. ரப்பர் செருப்பு ஆகாது. சீமைக்கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். கெட்டி அடியுள்ள ஷூ, முழுக்கால் பேண்ட், பருத்திச் சட்டை, தலைக்கு ஈரத் துண்டு. முள் எடுக்க ஒரு சிறு இடுக்கியும் பையில் இருக்கட்டும்.

8. பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் எல்லா ஓடையும் ஒன்றுபோல இருக்கும். ஓடை பிரியும் இடங்களில் சிவப்புத் துணி முடிந்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது மறக்காமல் அவிழ்த்துக்கொள்ளுங்கள். மேட்டின் விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள், மண் பொலபொலவென்று சரியும்.

9. தூரத்தில் கருமேகம் திரண்டாலே ஓடைப் பள்ளத்தைவிட்டு மேலேறிவிடுங்கள். களிமண் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது. பெய்த மழையெல்லாம் மொத்தமாகப் பள்ளத்துக்குத்தான் வரும்.

10. தரையில் மின்னுவது கண்ணாடியா, ஜிப்சமா? நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் ஜிப்சம். துப்பாக்கிக் குண்டுபோல இருப்பவை பெலம்னைட்டுகள், கணவாய்க்கு உறவான பழங்கால உயிரிகளின் எச்சம். சுருள் வடிவில் கிடந்தால் அம்மோனைட்டாக இருக்கலாம். எதையும் பெயர்த்து எடுக்காதீர்கள்; கிடந்த இடமும் ஆய்வாளர்களுக்குச் சான்று. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். படத்திலிருந்தே அளவு தெரியும்.

11. பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ, கீறவோ, உறிஞ்சவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். உள்ளே போகும் முன்பே ஊரில் ஒருவரிடம் எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவையுங்கள்.

12. வெயில் ஏறியதும் சாத்தனூருக்குப் போய்விடலாம். அங்கே 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்துக் கிடக்கிறது, புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தது. நேரமிருந்தால் அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பாருங்கள். காலையில் மண்ணில் பார்த்தவற்றின் பெயர் அங்கே தெரியவரும். வீடு திரும்பியதும் சேறு பட்ட துணியை உடனே நனைக்காதீர்கள், கறை இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு, உதறித் தேய்த்த பிறகு குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள்.