கேமராவை அலமாரியில பூட்டி வெச்சிருக்கியா? அக்கா சொல்றதைக் கேளு!

ஆசைப்பட்டு கேமரா வாங்கின. முதல் மாசம் பக்கத்து வீட்டுப் பாப்பா, மதில் மேல பூனை, மொட்டை மாடி நிலான்னு எடுத்துத் தள்ளின. அப்புறம் பை அலமாரியில ஏறிடுச்சு. கேட்டா, "நேரம் எங்கக்கா இருக்கு? லீவுல ஊட்டி போவோம்ல, அப்ப எடுக்கிறேன்"னு ஒரு பதில். ஊட்டி வரைக்கும் காத்திருந்தா, போற அன்னைக்கு எந்த பட்டன் எங்க இருக்குன்னே விரலுக்கு மறந்திருக்கும்.

பதினெட்டு வருஷமா சென்னையில கேமராவைத் தூக்கிட்டு சுத்துறேன். நான் கத்துக்கிட்டதுல முக்கியமானது ஒண்ணுதான். வீட்டுக்குப் பக்கத்துல ஒரு இடத்தைப் பிடி, அங்கேயே திரும்பத் திரும்பப் போ. ஞாயித்துக்கிழமை காலையில ஒன்றரை மணி நேரம் போதும். இட்லிக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

1. இடத்தைத் தேடி அலையாதே

அரை மணி நேரத்துல போய்ச் சேர முடியற இடமா பார். உங்க ஊர் ஏரிக்கரையா இருக்கட்டும், மார்க்கெட்டா இருக்கட்டும், மாடவீதியா இருக்கட்டும். மூணு மாசத்துக்கு இடத்தை மாத்தக் கூடாது. முதல் தடவை போறப்ப எல்லாரும் எடுக்கிற படத்தைத்தான் நீயும் எடுப்ப. நாலாவது தடவைதான் வெயில் எந்தச் சந்து வழியா உள்ள வருதுன்னு கண்ணுல படும்.

எங்க ஏரியில வெண்மார்பு மீன்கொத்தி ஒண்ணு இருக்கு. முதல் ரெண்டு வாரம் அதைத் துரத்தித் துரத்தி ஓடினேன். கிடைச்சதெல்லாம் பறந்து போற முதுகுதான். மூணாவது வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். மதகுப் பக்கம் ஒரு துருப்பிடிச்ச கம்பி. எங்க போனாலும் அந்தக் கம்பிக்கே திரும்பி வந்துச்சு. மீன்கொத்தியோட பழக்கமே அதுதான், பிடிச்ச இடத்தை விடாது. அடுத்த வாரம் கம்பிக்கு ஃபோகஸ் வெச்சுட்டு காத்திருந்தேன். பத்தே நிமிஷத்துல வாயில தவளையோட வந்து உட்கார்ந்துச்சு.

2. ராத்திரியே எல்லாத்தையும் எடுத்து வை

காலையில அஞ்சு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல தேடினா ஏதாவது ஒண்ணு விட்டுப்போகும்.

- பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருக்கணும். இன்னொண்ணு பாக்கெட்டுல.
- மெமரி கார்டு பெருசா ஒண்ணு வேண்டாம், சின்னதா ரெண்டு வாங்கு. ஒண்ணு கெட்டா மத்தது இருக்கும். பழைய படங்களை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, கார்டை கேமராவுலயே ஃபார்மட் பண்ணு.
- ஒரு நாளைக்கு ஒரே லென்ஸ். தெருன்னா 18-55 இல்ல 50, பறவைன்னா 70-300. ரோட்டுல நின்னு லென்ஸ் மாத்தினா தூசி நேரா சென்சார்ல போய் உட்காரும். மாத்தியே ஆகணும்னா காத்துக்கு முதுகைக் காட்டி, கேமரா வாயைக் கீழே பார்க்க வெச்சு மாத்து.
- மழை வந்தா கேமராவை மூட பிளாஸ்டிக் கவர் ஒண்ணும் ஒரு பழைய காட்டன் துண்டும் பையிலேயே கிடக்கட்டும்.

3. ஏசி ரூம்ல கேமராவை வைக்காதே

புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. ஏசியில குளிர்ந்து கிடந்த கேமராவை மெரினா காத்துல வெளிய எடுத்தா லென்ஸ் முழுக்க ஆவி பிடிச்சுக்கும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். தெளியறதுக்குள்ள சூரியன் மேல போயிடும். முதல் நாள் ராத்திரியே பையை ஹால்ல வெச்சுடு. கார்ல போனாலும் ஏசியை அணைச்சுட்டு ஜன்னலைத் திற. மறந்துட்டா, பையைத் திறக்காம அரை மணி நேரம் அப்படியே விடு.

4. வெளிச்சம் எந்தப் பக்கம்னு பார்த்துட்டுப் போ

ஜனவரி கடைசியில நம்ம ஊர்ல சூரியன் ஆறரை மணியைத் தாண்டித்தான் வரும். மே கடைசியில அஞ்சே முக்காலுக்கே வந்துடும். இங்க சூரியன் சாய்ஞ்சு ஏறாது, கிட்டத்தட்ட நேரா ஏறும். அதனால மஞ்சள் வெளிச்சம் ஒரு மணி நேரம்கூட முழுசா நிக்காது. உதிக்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே அங்க நிக்கணும். எட்டு மணிக்கு ஆடி அசைஞ்சு போய் "படம் வெளுத்துப் போகுதுக்கா"ன்னு என்கிட்ட வராதே.

நேரத்தோட திசையும் முக்கியம். மயிலாப்பூரையே எடுத்துக்கோ. கபாலீஸ்வரர் கோயில் ராஜகோபுரம் கிழக்குப் பக்கம், குளம் மேற்குப் பக்கம். காலையில கிழக்கு கோபுரத்துச் சுதைச் சிற்பமெல்லாம் பளிச்சுன்னு இருக்கும். அதே நேரத்துல குளத்துக்கு மேற்குக் கரையில நின்னா கோபுரம் கருப்பு நிழலாத்தான் தெரியும். சாயங்காலம் அதே மேற்குக் கரைக்குப் போ. வெயில் உன் முதுகுக்குப் பின்னாலேருந்து கோபுரத்து மேல விழும், தண்ணியில பிம்பமும் கிடைக்கும். இது தெரியாம வருஷக் கணக்கா காலையில போய்க் குளத்தை எடுத்துட்டு ஏமாந்து திரும்பறவங்களைப் பார்த்திருக்கேன்.

நடு மத்தியானம்தான் நேரம் கிடைக்குதா? வெட்ட வெளியில நிக்காதே. நிழல் விழற சந்து, திண்ணை, மார்க்கெட் கூரைக்கு அடியில போ.

5. காசிமேடு போறவங்களுக்கு

அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும். துறைமுகத்து மீன் ஏலம் இருட்டுலயே நடக்கும். தரை முழுக்க ஐஸ் தண்ணியும் செதிலும். ரப்பர் செருப்பு வழுக்கும், பிடிப்பு உள்ள ஷூ போடு. வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம்.

விளக்கு வெளிச்சம்தான் இருக்கும், அதனால ஐஎஸ்ஓவை 1600, 3200-ன்னு ஏத்தத் தயங்காதே. படத்துல கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தா பரவாயில்ல. ஆள் கலங்கிப் போனா சரி பண்ணவே முடியாது. ஷட்டர் 1/200-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஃப்ளாஷ் போடாதே. ஏலம் கேக்கறவங்க கண்ணுல அடிக்கும், அது அவங்க அன்னைய பொழைப்பு.

ஏலக் கூட்டத்துக்கு நடுவுல போய் நிக்காதே. ஐஸ் பெட்டி வண்டி பின்னாலேருந்து "ஓரம், ஓரம்"னு வரும். வ்யூஃபைண்டர்ல கண்ணை வெச்சிருந்தா காதை மட்டுமாவது திறந்து வெச்சுக்கோ. ஒரு தூண் பக்கத்துல முதுகைச் சாய்ச்சு நில்லு. வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டற கை, விலையைக் கேட்டுச் சுருங்கற முகம், மடியிலேருந்து நோட்டை எண்ணற அம்மா, எல்லாம் தானா உன் முன்னாடி வரும்.

இன்னொண்ணு. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஏலம் பார்க்கணும்னு அப்ப போனா ஏமாற்றம்தான். ஆனா படகுக்குப் பெயின்ட் அடிக்கிறதையும் வலை பின்றதையும் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. யாருக்கும் அவசரம் இருக்காது, உட்கார்ந்து பேசுவாங்க.

6. பறவை எடுக்கணும்னு ஆசையா?

- நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும்தான் சீசன். வேடந்தாங்கல் சென்னையிலேருந்து எண்பது கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். மழை சரியா பெய்யலேன்னா ஏரியில தண்ணி இருக்காது, பறவையும் தங்காது. விசாரிச்சுட்டுக் கிளம்பு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல போனா கூட்டம் கூட்டமா திரும்பி வர்றதைப் பார்க்கலாம்.
- உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் 1/500, பறக்கிறதுக்கு 1/1600-க்கு மேல. கண்ணுக்கு ஃபோகஸ் வை. கண்ணு தெளிவா இருந்தா வால் கலங்கினாலும் படம் நிக்கும்.
- வெள்ளைக் கொக்கு இருட்டுத் தண்ணிக்கு முன்னாடி நின்னா எக்ஸ்போஷரை மைனஸ் ஒண்ணுக்குக் குறை. இல்லேன்னா இறகே தெரியாம வெள்ளைத் தாளா வரும். அதே கொக்கு வானத்துல பறந்தா பிளஸ் ஒண்ணு. இந்த ஒரு பட்டனைக் கத்துக்கிட்டா பாதிப் படம் தப்பிச்சுடும்.
- நின்னுக்கிட்டு கீழே பார்த்து எடுக்காதே. குந்து, முடிஞ்சா படு. பறவையோட கண் மட்டத்துக்குப் போனாத்தான் அது படம்.
- பள்ளிக்கரணை ரேடியல் ரோட்டுல பூநாரையைப் பார்த்ததும் வண்டியைச் சடார்னு நிறுத்தாதே. ஃப்ரேம்ல அடங்கலேன்னு பின்னாடி ஒரு அடி எடுத்து வைக்காதே. பின்னாடி லாரி வருது. படத்தைவிட நீ முக்கியம்.

வேடந்தாங்கல்ல ஒரு தடவை மார்ச் வெயில்ல ஒரு மஞ்சள் மூக்கு நாரையைப் பார்த்தேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி ரெண்டு இறக்கையையும் விரிச்சுக்கிட்டு நின்னுச்சு. என்ன பண்ணுதுன்னு முதல்ல புரியல. இறக்கை நிழல்ல மூணு குஞ்சு வாயைப் பிளந்து மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமா திரும்பிக்கிட்டே இருந்துச்சு. அந்த நேரத்துல யாராவது கையைத் தட்டி அதைப் பறக்க விட்டா அந்தக் குஞ்சுங்க கதி என்ன?

அதனாலதான் இதைக் கண்டிப்பா சொல்றேன். கூட்டுக்குக் கிட்ட போகாதே. கிளையை விலக்காதே. கல்லெறிஞ்சு, கை தட்டிப் பறக்க விடாதே. ஃபோன்ல பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடாதே. கூடு இருக்கிற இடத்தை யாருக்கும் அனுப்பாதே. வேடந்தாங்கல் ஊர்க்காரங்க அந்தப் பறவைங்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிக்கிறதில்ல. ஒரு படத்துக்காக நாம அதைக் கெடுக்கலாமா?

7. மனுஷங்களை எடுத்தா

கேமராவைக் காட்டி, சிரிச்சு, தலையாட்டிக் கேளு. வேண்டாம்னா கையைக் கீழே இறக்கிடு, வாதம் பண்ணாதே. குழந்தைன்னா அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான். குளிக்கிறவங்க, தூங்கறவங்க, அழறவங்களை எடுக்கவே கூடாது. வாசல்ல கோலம் போடற அக்காவைக் குனிஞ்ச நேரத்துல எடுக்காதே. போட்டு முடிக்கட்டும், "கோலம் ரொம்ப அழகா இருக்குக்கா"ன்னு சொல்லிட்டுக் கேளு, அவங்களே பக்கத்துல வந்து நிப்பாங்க.

எடுத்த படத்தை 4-க்கு 6 சைஸ்ல பிரிண்ட் போட்டு அடுத்த தடவை கொண்டு போய்க் குடு. காசிமேட்டுல வலை பின்ற ஒரு பெரியவருக்கு அப்படிக் குடுத்தேன். நூல் சுத்தின கையை லுங்கியில துடைச்சுட்டு, ஓரத்தை மட்டும் பிடிச்சு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்துட்டு, சட்டைப் பாக்கெட்டுல இருந்த பிளாஸ்டிக் கவர்ல, ஆதார் கார்டுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் என்னை யாரும் "எதுக்கும்மா எடுக்கிற?"ன்னு கேட்டதில்ல.

பொண்ணுங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை: விடியறதுக்கு முன்னாடி தனியா போகாதே. துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கோ, வீட்டுக்கு லொகேஷன் அனுப்பு. துணை கிடைக்கலேன்னா சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் மாதிரி சேர்ந்து நடக்கிற குழுவோட போ.

8. ஃபங்கஸ் வராம பார்த்துக்கோ

என் முதல் ஜூம் லென்ஸை வாங்கினப்ப குடுத்த லெதர் உறையிலேயே போட்டு, பீரோவுல புடவைக்கு நடுவுல பத்திரமா வெச்சேன். ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசம் அடை மழை. எடுக்கவே இல்ல. மார்கழியில கோலம் எடுக்கலாம்னு வெளிய எடுத்து வெளிச்சத்துல பார்த்தா, உள் கண்ணாடியில சிலந்தி வலை மாதிரி வெள்ளையா படர்ந்திருக்கு. பிரிச்சுச் சுத்தம் பண்ணியும் பழைய தெளிவு வரல. அன்னைக்கு நான் அழுதது எனக்குத்தான் தெரியும். நீ அழாதே, இதைச் செய்:

- லெதர் உறை, துணிப் பை ரெண்டும் ஈரத்தைப் பிடிக்கும். அதுல போட்டு மூடி வைக்காதே.
- சமையலறையில இருக்கிற மாதிரி காத்துப் புகாத டப்பா ஒண்ணு வாங்கு. உள்ள சிலிக்கா ஜெல் போடு. நிறம் மாறிடுச்சுன்னா ஈரம் குடிச்சு முடிச்சுடுச்சுன்னு அர்த்தம், மாத்திடு. இதுக்குன்னு தனி டப்பா, திரும்ப அதுல பருப்பு கொட்டக் கூடாது.
- அரிசியில புதைச்சு வைக்காதே, மாவுத் தூசி உள்ள போகும். பாச்சை உருண்டையும் வேண்டாம்.
- எல்லாத்தையும்விட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்துக் காத்தும் வெளிச்சமும் படும்படி பயன்படுத்தறது.

9. வீட்டுக்கு வந்ததும் இருபது நிமிஷம்

கடற்கரைக்குப் போயிட்டு வந்தா, முதல்ல ப்ளோயரால மணலை ஊது. வாயால ஊதாதே, எச்சில் தெறிக்கும். மணலோட துடைச்சா கண்ணாடியில கோடு விழும். அப்புறம் லேசா ஈரத்துணியால கேமரா உடம்பைத் துடைச்சு, காஞ்ச துணியால இன்னொரு தடவை. உப்பு காஞ்சு நின்னா பட்டனெல்லாம் இறுகிடும்.

படங்களை அன்னைக்கே ஏத்திடு, ரெண்டு இடத்துல வை. முந்நூறு படத்தையும் வீட்டு குரூப்புல கொட்டாதே. அஞ்சு எடு. ஒவ்வொண்ணுக்கும் "இது ஏன் நல்லா வந்துச்சு?"ன்னு ஒரு வரி நோட்டுல எழுது. அடுத்த ஞாயிறு அந்த நோட்டைப் பார்த்துட்டுக் கிளம்பு.

இப்ப எழுந்து போய் அந்தப் பையை இறக்கு. பேட்டரியைச் சார்ஜ்ல போடு. அலாரத்தை அஞ்சு மணிக்கு முன்னாடி வை.