சுங்கச் சாலையும் அதன் கடனும்

சாலை போடுவது ஒரு வேலை. போட்ட சாலையைக் காப்பது மற்றொரு வேலை. முன்னதற்குத் திறப்பு விழா உண்டு, பின்னதற்கு இல்லை. இவ்விரண்டிற்கும் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைப் பொறியியல் பயிலும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அதற்குப் பாடமாக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சுங்கச் சாலையை எடுத்துக்கொள்கிறேன்.

தோற்றம்

அப்பலாச்சியன் மலைத்தொடர் அம்மாநிலத்தை ஊடறுத்துச் செல்கிறது. அம்மலைகளின் வழியே 1883-இல் ஓர் இருப்புப்பாதை அமைக்கத் தொடங்கினர். 1885-இல் போட்டி முதலாளிகளுக்குள் உடன்பாடு ஏற்படவே, அரைகுறையாகக் குடைந்த குகைகளோடு வேலை நின்றுபோயிற்று. அரை நூற்றாண்டு கழித்து அக்குகைகளே சாலைக்கு உதவின. 1937-இல் மாநிலச் சட்டத்தின்படி ஓர் ஆணையம் அமைந்தது. கார்லைல் முதல் இர்வின் வரை 160 மைல் நீளமுள்ள சாலை 1940 அக்டோபர் 1-இல் திறக்கப்பட்டது. அதில் ஏழு குகைவழிகள். அவற்றுள் ஆறு பழைய இருப்புப்பாதைக்காகக் குடையப்பட்டவை. நூறு அடி தொலைவுக்கு மூன்று அடிக்கு மேல் ஏற்றம் எங்கும் இல்லை.

செலவு ஏறத்தாழ 7 கோடி டாலர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு நடுவண் அரசின் மானியம். எஞ்சியது கடன் பத்திரங்கள் வாயிலாக வந்தது. முழுத் தொலைவுக்கும் காரொன்றுக்குச் சுங்கம் ஒன்றரை டாலர். கடன் தீர்ந்ததும் சுங்கத்தை நீக்கிவிடுவது என்பதே முதல் ஏற்பாடு.

காப்பு

கான்கிரீட்டைச் சரளைப் படுகையின்றி மண்ணின் மேல் நேரே இட்டிருந்தனர். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். கான்கிரீட்டுப் பலகைகளின் இணைப்புகளில் மழைநீர் இறங்குகிறது. குளிர்காலத்தில் அது உறைகிறது. உறையும் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். பனி உருகும்போது அடிமண் இளகிவிடுகிறது. கனத்த லாரிகள் ஓடும்போது பலகையின் ஓரம் அமிழ்ந்து விரிகிறது. மேலே தார்க்கலவை பூசினால் சில காலம் மறையும். அடிப்படை பழுதாயிருக்க மேற்பூச்சு நிலைக்குமா? ஆகவே அண்மைப் பல ஆண்டுகளாக அச்சாலையைப் பகுதி பகுதியாக அடிமண் வரை தோண்டி, அகலப்படுத்தி, புதிதாகவே கட்டி வருகின்றனர்.

குகைகளும் இடர் தந்தன. நான்கு தடச் சாலை குகைவாயிலில் இரண்டு தடமாகச் சுருங்கியதால் வண்டிகள் தேங்கின. 1960-களில் நான்கு குகைகளுக்கு இணைக் குகை குடைந்தனர். மூன்று குகைகளைக் கைவிட்டு மாற்றுச் சாலை போட்டனர்.

கடன்

சாலை கிழக்கிலும் மேற்கிலும் நீண்டது. நீளுந்தோறும் புதுக் கடன். புதுக் கடனுக்குச் சுங்கம். நீக்கப்படுமென்ற சுங்கம் நின்றுவிட்டது. இதில் குறை காண எனக்கு மனமில்லை. வண்டி ஓடும் வரை தேய்மானம் உண்டு. தேய்மானத்துக்குப் பணம் வேண்டும்.

ஆனால் அடுத்து நடந்தது வேறு. 2007-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, மாநிலத்தின் பிற போக்குவரத்துத் தேவைகளுக்காகச் சுங்கச் சாலை ஆணையம் ஆண்டுதோறும் பெருந்தொகை தர வேண்டும் என்றது. மற்றொரு நெடுஞ்சாலையிலும் சுங்கம் வாங்கி அதை ஈடுகட்ட எண்ணினர். நடுவண் அரசு இசையவில்லை. அதன்பின் ஆண்டுக்கு 45 கோடி டாலர் என ஆயிற்று. அத்தொகைக்காக ஆணையம் கடன் வாங்கியது. 2009 முதல் ஆண்டுதோறும் சுங்கம் உயர்ந்து வந்தது. 2013-இல் வந்த சட்டத்தின்படி, 2022-க்குப் பின் அத்தொகை 5 கோடியாகக் குறைந்தது. ஆயினும் வாங்கிய கடன் குறையவில்லை. இன்று அச்சாலையில் செல்பவர், தாம் செல்லாத வழிகளுக்கான கடனையும் சேர்த்தே கட்டுகிறார்.

பேருந்தும் இரயிலும் நடக்கப் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். அதை எல்லாரிடமும் வரியாகத் திரட்டுவதே முறை என்பது என் கருத்து. சுங்கம் என்ற பெயரில் ஒரு சாலையின் மேல் ஏற்றினால், வரி கேட்கும் பொறுப்பிலிருந்து சட்டமன்றம் தப்பிக்கொள்கிறது; பழுதுபார்க்க வேண்டிய சாலை வட்டி கட்டுகிறது.

நம் நாட்டிலும் சுங்கச்சாவடிகள் பெருகியுள்ளன. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, சாவடியைக் கடக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: இச்சாலைக்கு வாங்கிய கடன் எவ்வளவு? அதில் தீர்ந்தது எவ்வளவு? இன்று வாங்கும் பணத்தில் இச்சாலைக்கே திரும்புவது எவ்வளவு? நாளை இத்துறையில் பணியேற்கும் நம்மிடமும் மக்கள் இவற்றையே கேட்பர்.