கம்பியில்லாக் கருவிகளில் அனுப்பு திறனை அளவோடு அமைத்தல்

வயலின் ஈரத்தையும் ஏரியின் நீர்மட்டத்தையும் அளந்து, ரேடியோ அலைகளின் வாயிலாகத் தொலைவிலுள்ள நிலையத்திற்குத் தெரிவிக்கும் சிறு கருவிகள் இன்று பல இடங்களிற் பயன்படுகின்றன. இவற்றிற்கு ஆதாரம் ஒரு மின்கலமே. அஃது விரைவில் தீர்ந்துபோவதற்குத் தேவைக்கு மிஞ்சிய அனுப்பு திறன் ஒரு முக்கிய காரணமாகும்.

அனுப்பு திறன் டெசிபெல்-மில்லிவாட் என்னும் அலகாற் குறிக்கப்படும். இவ்வலகில் 0 என்பது 1 மில்லிவாட். எண்ணிக்கை 10 கூடுந்தோறும் திறன் பத்து மடங்காகும். 3 கூடினால் ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே 20 என்பது 100 மில்லிவாட். 13 என்பது சுமார் 20 மில்லிவாட்.

எஸ்எக்ஸ்1276 என்னும் லோரா ரேடியோச் சில்லினை உதாரணமாகக் கொள்வோம். அது 20 என்ற நிலையில் 120 மில்லி ஆம்பியரும், 13-இல் 29 மில்லி ஆம்பியரும், 7-இல் 20 மில்லி ஆம்பியரும் மின்னோட்டம் கொள்கிறது. கால் மணிக்கு ஒரு முறை, ஒரு விநாடி நேரம் செய்தி அனுப்பினால், நாளொன்றுக்கு 96 விநாடிகளாகும். 2400 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்கலம் இவ்வேலைக்கு மட்டும் செலவாயின், முதல் நிலையில் 750 நாட்களிலும், இரண்டாம் நிலையில் சுமார் 3100 நாட்களிலும் தீரும். பிற செலவுகளும் மின்கலத்தின் இயற்கைத் தேய்வும் இக்காலத்தைக் குறைக்கும்.

ஆயினும், திறனைக் குறைத்தால் எட்டும் தொலைவும் குறையும். தடையற்ற வெளியில் 6 டெசிபெல் குறைந்தால் தொலைவு பாதியாகும். செய்தி சேராமல் ஒன்றையே நான்கு முறை அனுப்ப நேரிடின், 29 மில்லி ஆம்பியர் நிலையிலும் செலவு 116 மில்லி ஆம்பியர்-விநாடியாகும். சேமிப்பு ஏறத்தாழ முழுதும் மறைந்துவிடும், செய்தியும் தாமதமாகும்.

ஆதலின், களப் பணியாளர் கீழ்க்கண்ட முறையைக் கையாளலாம். முதலில், ஏரியலைப் பொருத்திய பின்னரே கருவியை இயக்குக. ஏரியலின்றி அனுப்பினால் சில்லு பழுதுறக்கூடும். அடுத்து, உயர்ந்த திறனில் அனுப்பி, நிலையத்திற் பெறப்படும் வலிமையைக் குறிக்கவும். அது -96 என்றும், ஏற்கும் கருவியின் எல்லை -123 என்றும் கொண்டால், கையிருப்பு 27 டெசிபெல். திறனை 13-க்குக் குறைத்தால் கையிருப்பு 20 ஆகும். பயிர் வளர்ந்து அலைகளை மறைக்கும் காலத்தை எண்ணி, குறைந்தது 10 டெசிபெல் கையிருப்பு வைத்தல் நன்று. பின்னர்ச் சில நாட்கள் செய்திகள் தவறாமல் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். கையிருப்பு போதாதெனில், திறனைக் கூட்டுமுன் ஏரியலை உயர்த்திப் பார்க்கவும், அதற்கு மின்செலவில்லை.

பயிற்சி: மேற்கூறிய மின்கலம், 7 என்ற நிலையில் இவ்வேலைக்கு எத்தனை நாட்கள் போதும்? மாணவர் தாமே கணக்கிடுக. (விடை: 4500 நாட்கள்.)