தமனிச் சுவருக்குள் நடப்பது



சர்க்கரை நோயும் மிகை கொலஸ்டிராலும் முதலில் தாக்குவது தமனியின் சுவரை. இரத்தம் ஓடும் வழி குறுகுவது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். ஆனாலும் கொழுப்பு குழாய்க்குள் சேறுபோலப் படிந்து அடைக்கிறது என்ற படம் சுவரொட்டிகளிலிருந்து இன்னும் இறங்கவில்லை. மருத்துவ மாணவர்களும் அதையே ஒப்பிப்பது பொறுக்கத்தக்கதன்று.

சுவரின் உள்விளிம்பில் எண்டோதீலியச் செல்கள் ஒற்றை அடுக்காக அமைந்துள்ளன. முயலின் பெருந்தமனித் துண்டிலிருந்து இந்த அடுக்கைத் தேய்த்து நீக்கிவிட்டால், அசிட்டைல்கோலின் கொடுத்தாலும் தமனி தளர்வதில்லை என்று 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் தெரிந்தது. 1998-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதற்கே. இரத்தத்தில் மிகும் குளுக்கோஸ் இச்செல்களில் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்கி, நைட்ரிக் ஆக்சைடை அழிக்கிறது. பரம்பரையாகக் கொலஸ்டிரால் மிகுந்த சிறுவர்களின் தமனி போதுமான அளவு விரிவதில்லை என்பதை 1992-இலேயே அல்ட்ராசவுண்டு மூலம் கண்டுவிட்டார்கள்.

அடுத்தது கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களின் நுழைவு. அவை எண்டோதீலியத்தைக் கடந்து, சுவரிலுள்ள புரோட்டியோகிளைக்கன்களில் சிக்கி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் நுரைச் செல்களாகின்றன. அவை திரண்ட இடமே கொழுப்புக் கோடு. சர்க்கரை நோயில் எல்.டி.எல்.லுடனும் கொலாஜனுடனும் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்ள, சுவர் விறைக்கிறது. துகள்களும் சிறுத்து அடர்கின்றன. அதனால் ஆய்வக அறிக்கையில் எல்.டி.எல். 'நார்மல்' என்றிருந்தாலும் துகள்களின் எண்ணிக்கை மிகுந்திருக்கக்கூடும்.

இவை முதுமையின் மாற்றங்கள் என்பதும் தவறு. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்து 1953-இல் வெளியான கட்டுரையில், அவர்களின் சராசரி வயது 22. ஏறத்தாழ 77 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் நோய்க்குறி இருந்தது.

எல்லாவற்றையும்விட ஆழ்ந்து படிக்க வேண்டியது 1987-இல் சீமோர் கிளகோவும் குழுவினரும் எழுதிய சில பக்கக் கட்டுரை. இறந்தோர் 136 பேரின் இடது முதன்மை இதயத் தமனியை அவர்கள் குறுக்காக வெட்டி அளந்தார்கள். கொழுப்புக் கோடு முற்றி உருவாகும் கொழுப்புத் திட்டு வளர வளரத் தமனியே வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுத்திருந்தது. திட்டு, சுவரின் உள்ளடுக்கைச் சுற்றியுள்ள உள் மீள்படலம் சூழ்ந்த பரப்பில் 40 விழுக்காட்டை எட்டும் வரை இரத்த வழி குறுகவில்லை. ஆஞ்சியோகிராமில் தெரிவது அந்த வழி மட்டுமே, சுவர் தெரியாது. 'அடைப்பு இல்லை' என்ற முடிவைக் கையில் வாங்கி நிம்மதியடைகிறவரின் சுவரில் திட்டு பரவியிருக்க முடியும். நோயின் பாதிக் கதையை இந்த ஓர் அளவீடு விளக்கிவிடுகிறது. பாடநூல்கள் அதை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது நியாயமில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த ஈடுகட்டும் விரிவும் போதாமல் போகிறது என்பதைத் தமனிக்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்டு காட்டியுள்ளது. ஆகவே அவர்களின் வழி விரைவில் குறுகுகிறது.

சிகிச்சை அடைப்புக்காகக் காத்திராததன் காரணமும் இதுவே. எல்.டி.எல். மிகையாக இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு கொலஸ்டிராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் கொடுத்த கார்ட்ஸ் ஆய்வில், பெரிய இதய, மூளை நாள நிகழ்வுகள் 37 விழுக்காடு குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் அந்த ஆய்வு குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டு, 2004-இல் முடிவுகள் வெளியாயின.