தேரூர் தந்த வாத்தியார் கவிமணி

ஒண்ணாம் வகுப்பில் பசுவும் கன்றும் பாட்டைத் தலையாட்டிப் பாடினோமே, நினைவிருக்கிறதா? அதை எழுதியவர் நம்மைப் போலப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில் நின்று பாடம் நடத்திய ஒரு வாத்தியார். அவர்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை.

1876 ஜூலை 27 அன்று நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தார். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அதனால் பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மலையாளம்! தமிழை ஊர் மடத்தில் இருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். ஆனாலும் படிப்பை விடவில்லை. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் 36 வருஷம் ஆசிரியராக இருந்து, 1931-இல் ஓய்வு பெற்றார்.

குழந்தைப் பாட்டு மட்டும்தான் எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஊரில் 'மருமக்கள் வழி' என்று ஒரு வழக்கம். ஒருவர் இறந்தால் அவர் சொத்தில் பெரும்பங்கு சொந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது, அக்கா தங்கை பிள்ளைகளுக்குத்தான்! அப்போ மனைவியும் மக்களும் எங்கே போவார்கள்? சொந்த வீட்டிலேயே கையேந்தி நிற்க வேண்டியதுதான்.

இதைப் பார்த்துக் கவிமணி சும்மா இருக்கவில்லை. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலை எழுதினார். ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைச் சொல்வதுபோல, ஊர்ப் பேச்சு கலந்து எழுதியிருக்கிறார். படித்தால் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் மனசு கனத்துப் போகும். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, பிள்ளைகளுக்குச் சொத்துரிமை கிடைத்தது. ஒரு பாட்டால் மட்டும் சட்டம் வந்துவிடாது, பலர் பாடுபட்டார்கள். ஆனால் ஊரையே யோசிக்க வைத்ததில் அந்தப் பாட்டுக்கும் பங்கு உண்டு.

புத்தரின் வாழ்க்கையைச் சொல்லும் 'ஆசிய ஜோதி', உமர்கய்யாம் பாடல்கள், 'மலரும் மாலையும்' இவையும் அவருடையவை. கல்வெட்டுகளைப் படித்துக் காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ச்சியும் செய்தார். நம்ம பெரிய கோயில் சுவரிலும் எத்தனை கல்வெட்டு இருக்கு! நாம அதில் சாய்ந்து உட்கார்ந்து பொரி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம், இல்லையா?

1940-இல் சென்னையில் அவருக்குக் 'கவிமணி' பட்டம் கொடுத்தார்கள். 1954 செப்டம்பர் 26 அன்று மறைந்தார். 2005-இல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

நண்பர்களே, அவர் பெரிய பதவியில் இருந்தவர் அல்ல. கையில் சாக்பீஸ், மனசில் தமிழ், அவ்வளவுதான். தன் ஊரில் நடந்த அநியாயத்தைத் தன் ஊர்ப் பேச்சிலேயே தட்டிக் கேட்டார். நம்ம தெருவில் நடக்கிற தப்பு எதையாவது நாம எழுதியிருக்கிறோமா? அடுத்த இதழுக்கு ஆளுக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்களேன்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு