தண்ணீர்த் தீர்வை விண்ணப்பமும் அடங்கலும்

கம்மாபுரம் வட்டாரத்தில் குடியானவர்கள் கூடுமிடமெல்லாம் பேச்சு தண்ணீரில் தொடங்கித் தீர்வையில் முடிகிறது. காரணம் இல்லாமல் இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழே ஊற்று நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. சுரங்கத்துள் அது பீறிட்டு வாராதபடி இரவும் பகலும் இறைத்து அகற்ற வேண்டும். 1957-ம் வருஷம் வெட்டு வேலை தொடங்குமுன், இப்பகுதியில் யந்திரமின்றித் தாமே பொங்கிய ஊற்றுக் கிணறுகள் இருந்தன. பின்னர் நீர்மட்டம் இறங்கிற்று. இறைக்கப்பட்ட நீரோ ஓடைகளின் வழியே வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி முதலியவற்றை அடைந்து பாசனமாகிறது. ஒருவர் கிணறு வற்ற, மற்றொருவர் வாய்க்கால் நிறைகிறது.

இதில் தீர்வை எங்கே வருகிறதென்று பார்ப்போம். சர்க்காருக்குரிய ஆறு, ஓடை, ஏரி நீரைப் பாய்ச்சுவோரிடம் தனித்தீர்வை வாங்க 1865-ம் வருஷத்துச் சென்னை நீர்ப்பாசனத் தீர்வைச் சட்டம் இடந்தந்தது. நஞ்சைத் தீர்வையில் தண்ணீரின் விலையும் அடங்கும். புஞ்சைக்குச் சர்க்கார் நீரைப் பாய்ச்சினால் அதற்கு மேல் தீர்வை ஜாஸ்தி. சொந்தப் பட்டாவில் சொந்தச் செலவில் வெட்டிய கிணற்று நீருக்கு அது இல்லை என்பதே பொது முறை. ஆகவே கிணறு வற்றிய புஞ்சைக்காரர் ஓடையில் எஞ்சின் வைத்து இறைத்தாரானால், தாம் இழந்த நீரின் ஒரு பகுதிக்கே தீர்வை கொடுக்கும் நிலை நேரும். இவ்வகையில் விலக்குக் கேட்பது முற்றும் நியாயம் என்பதே எம் அபிப்பிராயம்.

ஆனால் நியாயம் மட்டும் போதாது, தஸ்தாவேஜு வேண்டும். ஊர்லாம் ஜமீன் வழக்கில் 1917-ம் வருஷம் பிரிவி கௌன்சில் ஜமீன் பக்கம் தீர்த்ததும், நிரந்தர ஒப்பந்த காலந்தொட்டு வந்த வாய்க்கால் உரிமை நிலைநாட்டப்பட்டதனால்தான். நம்மவர் கையிலுள்ள சாட்சியம் அடங்கல். அதில் பயிரும் விஸ்தீரணமும் போலவே பாசன ஆதாரமும் பதிவாகிறது. ஒரு கிராமத்தில் யாம் கண்ட கிணற்றில் ஆடு மேய்க்கும் பையன்கள் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தனர்; அடங்கலிலோ அது இரண்டு ஏக்கர் நெல்லுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது! சென்ற பசலியின் பதிவை அப்படியே பிரதி செய்ததன் பலன் இது. கர்ணம் உத்தியோகம் 1980-ல் எடுபட்டும் இப்பழக்கம் முற்றும் எடுபடவில்லை.

கிராம நிர்வாக அலுவலர்கள் பயிர் நிற்கும்போதே புலத்திற்குச் சென்று, கிணறு வற்றியிருப்பின் அவ்வாறே எழுத வேண்டும். நிலச்சொந்தக்காரர் மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீரின் ஆழத்தை அளந்து, தேதியுடன் குறித்து வைப்பது நலம். 2016-ல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டிற்கும் அடங்கல் நகல் கேட்கப்படுவதால் இவ்வுழைப்பு வீண்போகாது.

பசலி ஜூலை முதல் தேதி பிறக்கிறது. ஜமாபந்திக்கு மகஜர் கொண்டு செல்வோர் மூன்று பசலிகளின் அடங்கல் நகலும், ஆழக் குறிப்பும், சர்வே எண் வாரியாக வற்றிய கிணறுகளின் ஜாபிதாவும் இணைத்துச் செல்க. ஊரார் அனைவரும் ஒரே ஜாபிதாவில் கையொப்பமிடுதல், தனித்தனியே பத்து மகஜர் கொடுப்பதினும் மேல்.