அஸ்தோத் பாஷை பேசும் பிள்ளைகள்

வேதபாடம்: நெகேமியா 13:23-25

நெகேமியா எருசலேமுக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளுக்கு யூத பாஷையே வரவில்லை. காரணம்? தாய்மார் அஸ்தோத், அம்மோன், மோவாப் ஜனங்கள். வீட்டில் காதில் விழுவதைத்தானே பிள்ளை பேசும்!

நம் சங்கரன்கோவில் வீடுகளில் இன்று அதிகம் பேசுவது யார்? தறிச்சத்தம் ஓய்ந்தாலும் செல்போன் ஓய்வதில்லை. 2016-ல் ஜியோ வந்தபின் இன்டர்நெட் மலிவாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறான் பையன். ஆராதனைப் பாட்டு அத்தனையும் மனப்பாடம். வேதத்தை எடுத்து ஒரு சங்கீதம் வாசிடா என்றால் எழுத்துக் கூட்டுகிறான். கண் தெரியாத ஆச்சிக்கு வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை!

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் அதன் வழியாகத்தானே கூடி ஜெபித்தோம்! நெகேமியாவும் ராஜாவின் கடிதங்களை வாங்கி வந்தவர்தான் (2:7-9). ஆனாலும் ஓய்வுநாளுக்கு முன் இருட்டும்போது பட்டணத்து வாசல்களைப் பூட்டச் சொன்னார் (13:19). குடும்ப ஜெபவேளையில் போனை அணைத்து வையுங்கள். பிள்ளை வாசிக்கட்டும், ஆச்சி கேட்கட்டும். தடுமாறினால் அதட்டாதீங்க. நெகேமியா பிய்த்தது பெரியவர்களின் தலைமயிரைத்தான், பிள்ளைகளை அவர் தொடவில்லை.